தேவாங்கு கண்ணில் படாது... ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்!

"தேவாங்கு மாதிரி முழிக்காதே!"

திண்டுக்கல் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்களில் இந்த வசவை ஒருமுறையாவது கேட்காதவர்கள் குறைவு. ஒல்லியாக இருந்தால் தேவாங்கு. கண் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவாங்கு. கரும்பலகை முன்னால் விடை தெரியாமல் நின்றாலும் தேவாங்கு. திட்டுகிறவர், திட்டு வாங்குகிறவர் இரண்டு பேருமே பெரும்பாலும் அந்த விலங்கை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

இத்தனைக்கும் அது எங்கோ ஆப்பிரிக்காவில் வாழும் விலங்கு இல்லை. நம்ம அய்யலூர் பக்கத்து முள்ளுக்காட்டில் இருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழக அரசு 'கடவூர் தேவாங்கு சரணாலயம்' என்று ஒன்றை அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான். கரூர் மாவட்டத்தின் கடவூர் தாலுகாவிலும், திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்களிலும் பரவியிருக்கிறது. மொத்தம் 11,806 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 29,000.

நாட்டிலேயே முதலாவது என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம் வாசலில் இருக்கிறது. ஆனால் பள்ளிகளில் டூர் நோட்டீஸ் வரும்போது பாருங்கள். கொடைக்கானல் இருக்கும், ஊட்டி இருக்கும், தீம் பார்க் இருக்கும். அய்யலூர் இருக்காது.

ஏன் இருக்காது? இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? இந்த வாரம் அதைப் பேசலாம்.

மலை மட்டும்தான் இயற்கையா?

இயற்கை என்றதும் நம் மனதில் ஒரு படம் வருகிறது. பச்சை மலை, மேகம், அருவி. திண்டுக்கல்காரர்களுக்கு இந்தப் படம் இன்னும் சுலபம். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழநி மலைத்தொடர். பஸ்ஸில் ஏறினால் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் குளுகுளு காற்று.

அதில் தப்பேதும் இல்லை. ஆனால் அந்தப் படத்துக்குள் வராத எல்லாவற்றையும் நாம் 'ஒண்ணுமில்லாத இடம்' என்று பேர் வைத்துவிடுகிறோம். பொட்டல், தரிசு, வெறும் முள்ளுக்காடு. திண்டுக்கல் சமவெளி முக்கால்வாசி இப்படித்தான் பார்க்கப்படுகிறது. வெள்வேல், உசிலை, சப்பாத்திக்கள்ளி, கிளுவை வேலி. பஸ் ஜன்னலில் இவை ஓடும்போது பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். மலை வந்ததும் தலையைத் தூக்குவார்கள்.

தேவாங்கு வாழ்வது, பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டே கடந்துவரும் அந்த இடத்தில்தான்.

இன்னொரு விஷயம். நம்ம ஊர்ப் பேச்சில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் சிங்கம், புலி இருக்கும் காட்டுக்குப் போவதாக அர்த்தம் இல்லை. சோளமோ கடலையோ போட்டிருக்கும் மானாவாரி நிலத்துக்குப் போவதாக அர்த்தம். விவசாய நிலத்தையும் காட்டையும் ஒரே சொல்லால் அழைத்த ஊர் இது. தேவாங்கும் அப்படித்தான். அது வனத்துறை எல்லைக் கல்லோடு நின்றுகொள்வதில்லை. காட்டை ஒட்டிய தோட்டங்களிலும் வேலியோர மரங்களிலும் இரை தேடுகிறது. பயிரைத் தின்னும் பூச்சிகளையும் அது பிடித்துத் தின்பதால் விவசாயிக்கு நன்மை என்று சரணாலயத்தை அறிவித்தபோதே அரசு சொன்னது.

பார்க்க முடியாத விலங்கு

சரி, ஒரு ஆசிரியர் ஆர்வமாகக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு, 40 பிள்ளைகள், ஒரு வேன் அல்லது டவுன் பஸ். காலை பத்து மணிக்கு அய்யலூர் பக்கம் இறங்கினால் தேவாங்கைக் காட்ட முடியுமா?

முடியாது. தேவாங்கு இரவில் நடமாடும் விலங்கு. பகலில் அடர்ந்த கிளைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். எடை கால் கிலோவை ஒட்டி. வால் கிடையாது. சாம்பலும் பழுப்புமாக மரப்பட்டை நிறம். மரத்துக்கு நேர் கீழே நின்றாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது.

'அப்படியானால் ராத்திரி கூட்டிப் போகலாமே' என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. இரவுக்கேற்ற அந்தப் பெரிய கண்களில் டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் விலங்கு திணறிப்போகும். கணக்கெடுப்புக்குப் போகும் ஆய்வாளர்களே சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கோடுதான் போகிறார்கள். வெளிச்சம் பட்டுக் கண் மின்னுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். தாய்த் தேவாங்கு இரவில் குட்டியை ஒரு கிளையைப் பற்றிக்கொள்ள விட்டுவிட்டு இரை தேடப் போகும் வழக்கமும் உண்டு. அந்த நேரத்தில் 40 பிள்ளைகள், 40 செல்போன் வெளிச்சம், கூடவே ரீல்ஸ் என்று போய் நின்றால் அதன் பேர் சுற்றுச்சூழல் கல்வி ஆகாது.

அதோடு, சரணாலயத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். தேவாங்கு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானைக்கு என்ன பாதுகாப்போ, இந்தக் கால் கிலோ விலங்குக்கும் அதே பாதுகாப்பு.

ஆக, பகலில் போனால் பார்க்க முடியாது. இரவில் போகக் கூடாது. டூர் கேன்சலா?

இல்லை. உண்மையான களப்பயணம் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து. மிருகக்காட்சிசாலையில் கூண்டு முன்னால் நின்று 'அதோ பார்' என்று காட்டிவிட்டால் பிள்ளையின் வேலை முடிந்துவிடும். கண்ணில் படாத விலங்கு என்றால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். இது ஏன் இங்கே இருக்கிறது? என்ன சாப்பிடுகிறது? எந்த வழியாகப் போய்வருகிறது?

கிளைக்குக் கிளை வழி இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேவாங்கு குரங்கு மாதிரி மரம் விட்டு மரம் தாவாது. நான்கு கால்களாலும் கிளையைப் பற்றிப் பற்றித்தான் நகரும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால் வழி உண்டு. தொடாவிட்டால் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். இறங்கினால் நாய், ரோட்டில் வண்டி. மரங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி வருவது நமக்கு வெறும் இடைவெளி. அதற்கு உயிர் பிரச்னை.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, காட்டை ஒட்டிய கிராமத்துச் சாலை ஓரமாக அரை கிலோமீட்டர் நடக்க விடுங்கள். சரணாலயத்துக்குள் போகவே தேவையில்லை. ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். எந்த மரம் எந்த மரத்தைத் தொடுகிறது? எங்கே அறுபடுகிறது? ஏன் அறுபட்டது? ரோடு அகலப்படுத்தியதாலா, வேலியை வெட்டிவிட்டுக் கல்தூண் நட்டதாலா, கரண்ட் கம்பிக்காகக் கிளையைக் கழித்ததாலா?

அரை கிலோமீட்டர் முடிவில் பிள்ளைகள் கையில் ஒரு வரைபடம் இருக்கும். தரையில் கால் படாமல் ஒரு தேவாங்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதன் வரைபடம். விலங்கைப் பார்க்கவில்லை. ஆனால் அதன் கஷ்டம் என்ன என்று இப்போது தெரியும். உயிர்வாழிடம் துண்டாடப்படுதல் என்று பாடப்புத்தகம் சொல்லும் பெரிய வார்த்தை, அந்த வெட்டிய வேலிக்கு முன்னால் நிற்கும்போது தானாகப் புரியும்.

கூடவே அந்த உசிலை மரத்தையும் காட்டுங்கள். இதன் இலையைக் காயவைத்து அரைத்தால்தான் அரப்புத் தூள். தலைக்குத் தேய்த்துக் குளித்த பொருளின் மரம் இதுதான் என்று தெரிந்ததும் பிள்ளைகள் இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பார்கள். பிறகு அதை 'வெறும் முள்ளுக்காட்டு மரம்' என்று சொல்ல மாட்டார்கள்.

கடைசி வரிசையில் உட்காரும் பெற்றோர்

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை பிரபலம். அந்தச் சந்தைக்கு ஆடு கொண்டுவருபவர்களில் பலர் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஆடு வளர்ப்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம்ம அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

களப்பயணத்தில் அவர்களை முன்னால் நடக்கச் சொல்லிப் பாருங்கள். எந்தச் செடியை ஆடு தின்னும், எதைத் தொடாது, எந்தப் பருவத்தில் எந்த மரம் காய்க்கும், எந்தப் புதருக்குள் கையை விடக் கூடாது என்று தினமும் கவனித்துவரும் ஆட்கள் அவர்கள். தமிழில் செடிகளின் பெயர்களையே பாருங்கள். 'ஆடு தொடா இலை'தான் ஆடாதோடை ஆனது என்பார்கள். 'ஆடுதின்னாப்பாளை' என்று இன்னொரு செடி. இந்தப் பெயர்களை வைத்தது ஆட்டின் பின்னால் நடந்த கண்கள்.

ஒரு நாள் முழுக்க வகுப்பே தன் அப்பாவின், அம்மாவின் பேச்சை நோட்டில் எழுதுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது என்ன மாதிரியான நாளாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். படிப்பு வேறு, வீட்டுத் தொழில் வேறு என்று பிரித்து வைத்திருந்த சுவர் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கும்.

இது புதுசாக நான் சொல்லும் யோசனை இல்லை. கைவேலையையும் ஊரையும் விட்டுப் பிரிந்த படிப்பு படிப்பே இல்லை என்று காந்தி 1937-ல் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். அந்தச் சிந்தனையோடு 1947-ல் டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியது எங்கே தெரியுமா? திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் வழியில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில்!

அழகான இடத்துக்கு மட்டும்தானா?

களப்பயணம் என்றால் அழகைப் பார்க்கப் போவது என்ற நினைப்பும் நமக்கு உண்டு. கெட்டுப்போன இடத்தையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லில் அதற்கும் பாடம் இருக்கிறது.

கொடகனாறு பழநி மலையின் அடிவாரத் தொடரில் பிறக்கிறது. ஆத்தூர் காமராஜர் அணையில் தேங்கி, திண்டுக்கல் நகரத்தின் குடிநீராகிறது. பிறகு வடக்கே ஓடி, வேடசந்தூர் பக்கம் அழகாபுரி அணையைத் தாண்டி, அமராவதியில் சேர்கிறது. காலையில் பல் தேய்த்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு திண்டுக்கல் பிள்ளை இந்தப் பாதையில் போய்ப் பார்க்கலாம்.

அதே சமவெளியில்தான் தோல் பதனிடும் தொழிலும் வளர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பைச் சொன்னது. வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும் அதில் திண்டுக்கல்லும் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் நடந்த ஒரு ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் தீர்ப்பு. அதற்குள் நம்ம ஊர்க் கிணறுகள் இருப்பது நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்கான களப்பயணத்துக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நாலைந்து இடத்துத் தண்ணீரை வேறு வேறு பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளிக் குழாய், ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு தோட்டத்துக் கிணறு, பிடித்து வைத்த மழைத்தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்பைக் கரைத்துக் குலுக்குங்கள். எதில் நுரை வருகிறது, எதில் வரவில்லை? ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வருபவர் கையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார். அது கிடைத்தால் எண்ணையும் எழுதலாம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவு. பிள்ளைகள் கண்டுபிடித்த எண்ணை இதோடு ஒப்பிடட்டும்.

இங்கே ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, தண்ணீர் உப்பாக இருந்தாலே தொழிற்சாலைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாறையில் இருந்தும் உப்பு கரையும். மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கினாலும் உப்பு கூடும். காரணத்தைத் தேடுவதுதான் அறிவியல். இரண்டு, அந்த வகுப்பிலேயே தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் பிள்ளை உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளை தலைகுனிய வேண்டியிருக்கக் கூடாது. யார் கெட்டவர் என்பதைவிட, வேலையும் வேண்டும் தண்ணீரும் வேண்டும் என்றால் என்ன செய்யலாம் என்பதுதான் வகுப்பு பேச வேண்டிய கேள்வி. பெரியவர்களே இன்னும் முழுசாக விடை கண்டுபிடிக்காத கேள்வி அது.

யார் வரவில்லை?

இனி, பல வீடுகளுக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன்.

டூர் நோட்டீஸ் வந்த அன்று ராத்திரி, சாப்பாட்டுத் தட்டு முன்னால் மெதுவாக ஒரு குரல் வரும். "அம்மா, ஸ்கூல்ல டூர் போறாங்களாம்." அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பா தட்டைப் பார்ப்பார். சில வீடுகளில் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்று பதில் வரும். சில பிள்ளைகள் நோட்டீஸை வீட்டில் காட்டவே மாட்டார்கள். பெண் பிள்ளை என்றால் பணம் இருந்தும் "ராத்திரி தங்குறதெல்லாம் வேணாம்" என்று முடிந்துவிடும். அடுத்த வாரம் வகுப்பே டூர் கதை பேசும்போது போகாத பிள்ளைகள் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

விடுமுறைக் கொண்டாட்டம் என்றால் இதைப் பணம் இருக்கிறவர் போகிறார் என்று விட்டுவிடலாம். படிப்பு என்று சொல்லிவிட்டால் அப்படி விட முடியாது. சுற்றுச்சூழல் படிப்பு எல்லாப் பிள்ளைக்கும் உரியது. பள்ளிகளில் அது கட்டாயப் பாடமாக வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. 2001-ல் மத்திய அரசு 'தேசிய பசுமைப் படை' என்ற பெயரில் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களைத் தொடங்கியது. அறிவிப்புப் பலகையில் மன்றத்தின் பெயர் இருக்கிறது. ஜூன் 5 வந்தால் ஓவியப் போட்டியும் நடக்கிறது. மரம் வளர்ப்போம் என்று ஏ.சி. ரூமில் பேசுவதும் நடக்கிறது. ஆனால் பிள்ளையின் செருப்பில் மண் ஒட்டுவதில்லை.

பக்கத்து ஊர்க் களப்பயணம் இந்தக் கணக்கை மாற்றுகிறது. காலை கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கே வந்துவிடலாம். ராத்திரி தங்கல் இல்லை. டவுன் பஸ் போதும். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் மாணவிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் டிக்கெட்டே கிடையாது. பள்ளிக்குப் பின்னால் உள்ள கண்மாய்தான் இடம் என்றால் நடந்தே போகலாம். ஒரு பிள்ளைகூட விடுபடாது. ஒரு களப்பயணம் நல்லதா என்று பார்க்க நான் முதலில் கேட்பது இதைத்தான்: வகுப்பில் யார் வரவில்லை?

பக்கத்து இடத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. திரும்பப் போகலாம். கொடைக்கானலுக்குப் பள்ளி வாழ்க்கையில் ஒருமுறை. பள்ளிக்குப் பின்னால் உள்ள கண்மாய்க்கு மாதம் ஒருமுறை. ஐப்பசியில் நிறைந்து, தையில் வாத்தும் கொக்குமாக இருந்து, பங்குனியில் வெடித்துக் கிடக்கும் ஒரே கண்மாயைப் பார்க்கும் பிள்ளைக்கு நீர்ச் சுழற்சியைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒரே மரத்தை வாரம்தோறும் கவனித்து, தளிர், பூ, காய் எப்போது வந்தது என்று பதிவுசெய்கிறார்கள். பருவநிலை மாறுவதை அறிய அந்தப் பதிவுகள் உதவும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் பிள்ளைகள் சேரலாம். நத்தம் ரோட்டுப் புளியமரத்தையும் ஊர்க் கண்மாயையும் கொண்டே இதையெல்லாம் செய்துவிடலாம்.

கிளம்பும் முன்...

ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி, 'ஏதாவது ஆகிவிட்டால்?' நியாயமான பயம். அதனால் சில குறிப்புகள்.

* முதலில் ஆசிரியர் மட்டும் ஒருமுறை அதே பாதையில் நடந்து பார்த்துவிட வேண்டும். சுவர் இல்லாத கிணறு, தேன்கூடு, அறுந்த கம்பி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வழியை மாற்றிவிடுங்கள்.

* தண்ணீரைப் பார்க்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது. கண்மாய், அணை, கல்குவாரிக் குட்டை எதுவானாலும் இதில் சலுகை கிடையாது.

* ஐப்பசி முதல் தை வரை நல்ல காலம். மழைக்குப் பிறகு முள்ளுக்காடே பச்சையாக இருக்கும். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடுங்கள். கோடையில் வேண்டாம்.

* பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர். மூடிய செருப்பு அல்லது ஷூ, தொப்பி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். முதலுதவிப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அவசியம். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு 108.

* மாணவிகளுக்குக் கழிப்பறை எங்கே என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வழியில் உள்ள பள்ளியிலோ, தெரிந்த வீட்டிலோ சொல்லி வைக்கலாம். இது ஒன்றைக் கவனிக்காததாலேயே பல பெண் பிள்ளைகள் 'நான் வரல மிஸ்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

* சரணாலயத்துக்குள் போக வேண்டுமென்றால் பள்ளித் தலைமை ஆசிரியர் மூலம் மாவட்ட வன அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வனத்துறை ஊழியர் ஒருவர் கூட வந்தால் பிள்ளைகளின் கேள்விகளுக்கும் ஆள் கிடைத்த மாதிரி.

* பறிக்க வேண்டாம், பிடிக்க வேண்டாம். கீழே விழுந்த இலை, காய், இறகைப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடலாம். போட்டோவுக்கு ஆசிரியர் போன் ஒன்று போதும்.

* ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் மூன்று வரி எழுதட்டும். பார்த்தது ஒன்று, கேட்டது ஒன்று, புரியாதது ஒன்று. மூன்றாவது வரியில் இருந்துதான் அடுத்த பயணம் தொடங்கும்.

இந்த வார வேலை

வழக்கம்போல வீட்டில் செய்துபார்க்க ஒரு வேலை. பள்ளி அழைத்துப் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் தெரு முனையில் இருந்து அடுத்த முனை வரை பிள்ளையோடு நடங்கள். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போங்கள். (வண்டி வருகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொள்ளவும்!) கிளைக்குக் கிளை தொட்டுக்கொண்டு இருக்கும் மரங்கள் எத்தனை? ஒரு தேவாங்கு உங்கள் தெருவைத் தரையில் இறங்காமல் கடக்க முடியுமா? எந்த இடத்தில் வழி அறுபடுகிறது? அங்கே முன்பு மரம் இருந்ததா என்று தெருவில் வயதானவர் யாரிடமாவது பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.

தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். "நீங்க தேவாங்கைப் பாத்திருக்கீங்களா?" மருந்துக்கு, மந்திரத்துக்கு என்று அந்தப் பாவப்பட்ட விலங்கைப் பிடித்துக் கொன்ற கதைகளும் வரும். காட்டுக்குப் போன ராத்திரியில் மரத்தில் இரண்டு கண் மின்னியதைப் பார்த்துப் பயந்து ஓடிவந்த கதைகளும் வரும். எல்லாவற்றையும் பிள்ளை எழுதி வைக்கட்டும். பிறகு கதை கேட்ட பிள்ளையே, அந்த மருந்தும் மந்திரமும் பொய் என்று பெரியவர்களுக்குச் சொல்லட்டும்.

நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆவார். ஒருவர் ரோடு போடும் இன்ஜினீயர் ஆவார். ஒருவர் கரண்ட் கம்பிக்காகக் கிளை வெட்ட ஏணியில் ஏறுவார். அன்றைக்கு எந்தக் கிளையை விட்டுவைப்பது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

உங்கள் தெருவில் வழி எங்கே அறுபட்டது என்று கமென்ட்டில் சொல்லுங்கள். பிள்ளைகள் வரைந்த வரைபடம் இருந்தால் அதையும் அனுப்புங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம்!